நாற்பத்தெட்டு விநாடி

குமுதா வாழ்நாளில் விளையாடிய வீடியோ கேம் ஒன்றே ஒன்றுதான். அதிலும் முதல் நாற்பத்தெட்டு விநாடிகளுக்கு மேல் அவள் போனதில்லை. ஆனால் அந்த நாற்பத்தெட்டு விநாடிகளைச் சில லட்சம் தடவை விளையாடியிருக்கிறாள்.

தொண்ணூற்று மூன்றில், இருபத்தொரு வயதில், மலேசியாவின் ஷா ஆலாமில் ஒரு ஜப்பானிய கம்பெனியின் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். தக்காமோரி என்று பெயர். டிவியோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டிகளை அங்கே செய்தார்கள். காலை ஐந்தேமுக்காலுக்குக் கம்பெனி பஸ் அவள் ஊரான கிள்ளானுக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். குமுதாவின் வேலை கடைசி மேசையில். பூட்டி முடித்த பெட்டி ஒவ்வொன்றாக அவள் முன்னால் வரும். அதை ஒரு சின்ன டிவியோடு மாட்டி, எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரு கேமைச் செருகி, ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் தெளிவாக இருக்கிறதா, சத்தம் கேட்கிறதா, எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பச்சை ஒட்டுத்தாளை ஒட்டி அனுப்ப வேண்டும்.

அந்த கேமில் ஒரு குட்டி விலங்கு காட்டுக்குள் ஓடும். அது நாயா பூனையா என்று யாருக்கும் தெரியவில்லை. லைனில் இருந்த பெண்கள் அதற்கு மூசாங் என்று, மரநாய்க்கான மலாய்ப் பெயரை, வைத்தார்கள். மூசாங் மரக்கட்டைகளைத் தாண்டி, இரண்டு குளவிகளிடமிருந்து தப்பி, ஆற்றில் மிதக்கும் ஐந்து பலகைகளின் மேல் குதித்து அக்கரை சேரும்போது பின்னால் ஓடும் பாட்டு ஒரு சுற்று முடியும். அவ்வளவுதான் சோதனை. மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்த தாளில் மலாயில் எழுதியிருக்கும்: 48 சாஆட். நாற்பத்தெட்டு விநாடி. கடிகாரம் பார்க்கத் தேவையே இல்லை, பாட்டே கடிகாரம். பக்கத்து மேசையில் இருந்த லெட்சுமி அந்த மெட்டுக்கு வார்த்தைகூடப் போட்டிருந்தாள்:

“பஸ்ஸு வந்தாச்சு, பையைத் தூக்கு, சாப்பாட்டுப் பெட்டி எங்கடி?”

ஒன்பது வருடம். இரண்டாயிரத்து இரண்டில் கம்பெனி அந்தப் பெட்டிகளைச் செய்வதை நிறுத்தியது. லைனை மூடினார்கள். குமுதா அதற்குப் பிறகு ஒரு பல்பொருள் கடையில், ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில், கடைசியாக ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் என்று வேலை பார்த்தாள். அதற்குள் சுகுமாறனைக் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் ஜொகூருக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போய், வீட்டில் அவளும் கணவனும் மட்டும் என்றாகியிருந்தது. சுகுமாறன் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன்.

சென்ற வருடம் லெட்சுமி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். தக்காமோரி கம்பெனி தன் பழைய கேம்களை வைத்து பிரிக்பீல்ட்ஸில் ஆறு மாதக் கண்காட்சி நடத்தப்போகிறது, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலைக்கு, இங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைத் தேடுகிறார்கள் என்று இருந்தது. லெட்சுமிக்கு முட்டி வலி, நிற்க முடியாது. “நீ போடி. ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்,” என்று குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுவிட்டுக் குமுதா சற்று நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் சில மாதங்களாக அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. ஒரே குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பாசாரில் மீன்காரன் முன்னால் நின்றுகொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திகைத்தாள். ஒரு நாள் லெட்சுமியின் பெயரே வரவில்லை, முகம் மட்டும் வந்தது. மற்றவர்களுக்கு இதெல்லாம் வயதுக் கோளாறாக இருக்கலாம். குமுதாவுக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அவள் அம்மா இராஜம்மா கடைசி ஏழு வருடங்கள் ஒவ்வொன்றாக மறந்து, முடிவில் மகளைப் பார்த்து “நீங்க யாரு வீட்டுப் புள்ள?” என்று மரியாதையாகக் கேட்டவர். அதுவும் உப்பில்தான் தொடங்கியது.

அரசாங்கக் கிளினிக்கில் நீரிழிவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது வாய் தவறி டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். குமுதா அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். போகவில்லை. போனால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அது உண்மையாகிவிடும்.

ஆனாலும் கண்காட்சி வேலைக்கு விண்ணப்பித்தாள். கிடைத்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அச்சுக்கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சீர்செய்திருந்தார்கள். திறப்பு விழாவுக்குப் பதினாறு நாள் இருக்கையில் குமுதா முதல் முறை உள்ளே போனாள். கண்காட்சியின் மேலாளர் விஷ்ணுப்ரியா, முப்பத்தைந்து வயதிருக்கும், ஓடியாடி வேலை செய்கிற பெண், அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

“ஆன்டி, நீங்கதான் நம்ம ஸ்டார். திறப்பு விழால நீங்க மொதல்ல வெளயாடணும். ‘என் கையால அனுப்பின பெட்டி, அதே வேகம், அதே சத்தம்’னு நாலு வார்த்தை பேசினா போதும்.”

நடு மண்டபத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அந்தப் பழைய பெட்டி இருந்தது. சாம்பல் நிறம், இரண்டு மஞ்சள் பொத்தான்கள். குமுதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்திலேயே விளையாடுவதற்கான மேசை. அதில் டிவி, கையில் பிடித்துப் பொத்தான் அமுக்கும் பழைய கைப்பிடி.

“இதுக்கும் அந்தப் பெட்டிக்கும் வயரு எங்க போவுது?” என்று கேட்டாள்.

மேசைக்கடியிலிருந்து ஒரு வழுக்கைத்தலை எட்டிப் பார்த்தது. அய்மன். நாற்பது வயது, கிள்ளான்காரன்தான், அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். கண்காட்சியின் எல்லா இயந்திரங்களும் அவன் பொறுப்பு.

“வயரே போவாது அக்கா. அந்தப் பெட்டி சும்மா பாக்கத்தான்.” மேசையின் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே உள்ளங்கையளவு ஒரு கறுப்புக் கணினி. “முப்பது வருசப் பெட்டி, உள்ள இருக்கிற பாகம்லாம் வீங்கிப்போச்சு. ஒரு நாளைக்கு நானூறு பேரு வந்து அமுக்கினா ஒரு வாரம் தாங்காது. ஸ்பேர் பார்ட்ஸும் கெடைக்காது. அதான் எமுலேஷன். பழைய பெட்டி என்னென்ன செய்யுமோ அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டர் அப்படியே நடிக்கும். கேமுக்கு வித்தியாசமே தெரியாது லா.”

குமுதா கைப்பிடியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல்கள் தாமாக இடத்தில் போய் உட்கார்ந்தன. மூசாங் திரையில் வந்து வாலை ஆட்டியது. பாட்டு தொடங்கியது. அவள் சிரித்துக்கொண்டே ஓடவிட்டாள்.

மூன்றாவது மரக்கட்டையில் மூசாங் இடித்து விழுந்தது.

விஷ்ணுப்ரியா கை தட்டிச் சிரித்தாள். “பரவால்ல ஆன்டி, எத்தனை வருசமாச்சு!”

குமுதா மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை ஆற்றங்கரை வரை போனாள். இரண்டாவது பலகைக்கு அவள் விரல் அசைவதற்குள் பலகை நகர்ந்துவிட்டிருந்தது. மூசாங் தண்ணீரில் விழுந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. ஒன்பது வருடத்தில் தண்ணீரில் விழுந்ததெல்லாம் பொத்தான் கெட்டுப்போன பெட்டிகளில் மட்டும்தான்.

“இது வேகமா ஓடுது,” என்றாள்.

அய்மன் திரையின் ஓரத்தில் சில எண்களை வரவழைத்துப் பார்த்தான். “கரெக்டாத்தான் ஓடுது அக்கா. ஜப்பான் ஹெட் ஆபீஸே அனுப்பின பைல் இது. செகண்டுக்கு அறுபது படம். ஒண்ணுகூடக் கொறையல, கூடல.”

“பாட்டும் வேகமா இருக்கு.”

“இருக்காது அக்கா,” என்றான் அவன், மென்மையாக. “கம்ப்யூட்டர் மறக்காது.”

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். குமுதா கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நான்கு நாட்கள் அவள் எப்படி வேலைக்குப் போய் வந்தாள் என்பதை அவளாலேயே பிறகு சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் யாரும் பார்க்காதபோது விளையாடிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மூசாங் விழுந்தது. சில்லறை விஷயங்கள் மறந்தால் போகட்டும் என்று இதுவரை தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் இது விரலில் இருந்த ஞாபகம். இதுவுமா போய்விட்டது? அம்மாவுக்கு எல்லாம் போன பிறகும் கை மட்டும் பூத்தொடுக்க மறக்கவில்லை. தனக்கு அதுகூட மிஞ்சவில்லை என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் காலையில் நேராக விஷ்ணுப்ரியாவின் அறைக்குப் போனாள். அய்மன் அங்கே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். அவனைப் போகச் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, யாருக்குத் தெரிந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

“மிஸ், வேற யாரையாச்சும் பாத்துக்குங்க. என்னால மேடையில நிக்க முடியாது.”

“ஏன் ஆன்டி? ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்பு இல்ல. மண்டைதான்.” அதற்கு மேல் அடக்க முடியவில்லை. உப்பு, மீன்காரன், லெட்சுமியின் பெயர், அம்மா கேட்ட கேள்வி, கைப்பைக்குள் கிடக்கிற தாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கணவனுக்குக்கூடத் தெரியாது என்றாள். “அதே வேகம்னு சொல்லச் சொல்றீங்க. எனக்கு அது அதே வேகமாத் தெரியல. அப்ப நான் சொன்னா அது பொய்யி. சொல்லாட்டி, நான் பைத்தியம்.”

விஷ்ணுப்ரியா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அய்மன் மடிக்கணினியை மூடினான். அன்று தான் சொன்ன வார்த்தை இப்போது அவனுக்கு உறைத்தது போல முகம் சிறுத்திருந்தது.

“அக்கா,” என்றான், “ஒங்களுக்கு அந்தப் பாட்டு எப்படி ஞாபகம் இருக்கு? பாடிக் காட்ட முடியுமா? கேமைப் பாக்காம.”

“எதுக்கு?”

“சும்மா லா. தொழிற்சாலையில எப்படி ஓடிச்சோ அப்படி.”

குமுதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். பிறகு லெட்சுமியின் வார்த்தைகள் வந்தன. பஸ்ஸு வந்தாச்சு, பையைத் தூக்கு. மடியில் அவள் கட்டைவிரல்கள், அங்கே இல்லாத பொத்தான்களை அமுக்கின. மரக்கட்டை, மரக்கட்டை, குளவி, பலகைகள். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

அய்மன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னொரு தடவ பாடுங்க.”

பாடினாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவ, அக்கா. ப்ளீஸ்.”

மூன்றாவது முறை முடிந்ததும் அவன் கைப்பேசியை இருவருக்கும் நடுவில் வைத்தான். மூன்று எண்கள். நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தேழரை.

“நாப்பத்தெட்டுத்தான்,” என்றாள் குமுதா. “செவுத்துல எழுதியிருந்துச்சே. நாப்பத்தெட்டு சாஆட்னு.”

“செவுத்துல எழுதியிருந்துச்சா?” அய்மன் எழுந்து ஏறக்குறைய ஓடினான். இருவரும் பின்னால் போனார்கள். மண்டபத்தில் கேமை ஓடவிட்டு, பாட்டு ஒரு சுற்று முடியும்வரை நேரம் பார்த்தான். சரியாக நாற்பது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் எழுதினான். நாற்பதை அறுபதால் பெருக்கினான், இரண்டாயிரத்து நானூறு. நாற்பத்தெட்டை ஐம்பதால் பெருக்கினான். அதுவும் இரண்டாயிரத்து நானூறு.

“யா அல்லாஹ்,” என்றான். “நான்தான் மடையன்.”

“என்னாச்சுன்னு சொல்லுங்க அய்மன்,” என்றாள் விஷ்ணுப்ரியா.

“ஜப்பான் டிவி செகண்டுக்கு அறுபது படம் காட்டும். நம்ம ஊரு பழைய டிவி அம்பதுதான். அதனால நம்ம ஊருக்குன்னு செஞ்ச பெட்டியும் அம்பதுலதான் ஓடும். கேமை யாரும் அதுக்கேத்தாப்புல மாத்தல, அப்படியே வித்துட்டாங்க. ஓட்டம், குதி, பாட்டு எல்லாமே ஆறுல ஒரு பங்கு மெதுவா ஆயிடும். இங்க நான் போட்டிருக்கிறது ஜப்பான்ல வித்த பெட்டியோட வேகம். அது ஜப்பானுக்குச் சரி.” குமுதாவை நிமிர்ந்து பார்த்தான். “அக்காவோட மேசையில இது ஓடவே இல்ல. அவங்க சொன்னதுதான் கரெக்ட்.”

குமுதாவுக்கு எண்கள் எதுவும் மண்டையில் ஏறவில்லை. “அப்ப என் ஞாபகம்...” என்று தொடங்கி நிறுத்தினாள்.

“அரை செகண்டு தப்பு, அக்கா. இருபத்து மூணு வருசத்துக்கு அப்புறம், அரை செகண்டு.”

அவன் கணினியில் ஏதோ மாற்றினான். மூசாங் வாலை ஆட்டியது, இப்போது சோம்பலாக, அவளுக்குத் தெரிந்த சோம்பலோடு. குமுதா கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். அவள் திரையைக்கூட சரியாகப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. மரக்கட்டைகள், குளவிகள், ஐந்து பலகைகள். மூசாங் அக்கரையில் ஏறி நின்றது. விஷ்ணுப்ரியா அவளைக் கட்டிக்கொண்டாள். குமுதா அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். “பச்ச ஸ்டிக்கர் ஒட்டு,” என்று அவள் சொன்னதற்கு அவர்கள் இருவருக்கும் அர்த்தம் புரியவில்லை.

அன்று சாயங்காலம் சுகுமாறனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“இத்தன நாளா தனியாவா வச்சிருந்த?”

“பயந்துட்டேங்க.”

“நாளைக்கு லீவு போடுறேன். சேந்து போவோம்.”

“நாளைக்கு வேணாம், நாளான்னிக்கு. நாளைக்கு அய்மன் எல்லா கேமையும் நான் பாக்கணும்னு சொல்லியிருக்கான்.”

அவன் விடவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே கிளினிக்கில் இருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. பத்து வருடமாகச் சாப்பிடுகிற நீரிழிவு மாத்திரை உடம்பில் பி பன்னிரண்டு என்கிற சத்தைச் சேரவிடாமல் செய்துவிட்டிருக்கிறது, அளவு மிகவும் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மறதி, கால் மரத்துப்போவது, சோர்வு எல்லாம் அதனால் வரக்கூடியவை. ஊசி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

“பெரும்பாலும்னா?” என்று கேட்டான் சுகுமாறன்.

“மூணு மாசம் போட்டுப் பார்ப்போம். ஞாபகப் பரிசோதனையும் எடுத்தாச்சு, அதுல பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லை. அம்மாவுக்கு வந்தது எல்லாருக்கும் வரணும்னு இல்லம்மா.”

குமுதா ஊசிக்குக் கையை நீட்டினாள். ஊசி நல்ல வலி. அவளுக்கு அது பிடித்திருந்தது.

இதற்கிடையில் விஷ்ணுப்ரியா ஜப்பான் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தாள். ஏற்பாடுகளை மாற்ற வேண்டும் என்றால் கோபப்படுவார்களோ என்று அவளுக்குக் கொஞ்சம் கலக்கம். இரண்டே நாளில் பதில் வந்தது. அங்கே பழைய பொறியாளர் ஒருவர் கோப்புகளைத் தேடி, ஷா ஆலாம் லைனின் சோதனைத் தாளையே படமெடுத்து அனுப்பியிருந்தார். மங்கலாக, ஆனால் படிக்கும்படி இருந்தது, 48 சாஆட். இரண்டு மேசை போடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒன்று ஜப்பான் வேகம், ஒன்று மலேசிய வேகம்.

இன்னொரு மாற்றமும் செய்தார்கள். அது குமுதா கேட்டது. உள்ளே இருப்பது பழைய பெட்டி அல்ல, அதைப் போல இயங்கும் கணினி என்று ஒவ்வொரு மேசையிலும் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதி வைத்தார்கள். “கேக்கிறவங்க கிட்ட மழுப்ப எனக்கு வராது,” என்று அவள் சொல்லியிருந்தாள். அய்மனுக்கும் அது பெரிய நிம்மதி. கதவைத் திறந்து கணினியைக் காட்டுவதில் அவனுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. இனி ஒளிந்துகொண்டு காட்ட வேண்டியதில்லை.

திறப்பு விழா அன்று நூறு பேருக்கு மேல். லெட்சுமி முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குமுதா நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எழுதிக் கொடுத்த பேச்சைப் பேசவில்லை.

“இது என் கையால போன பெட்டி இல்லைங்க,” என்றாள். “உள்ள இருக்கிறது கம்ப்யூட்டர். அது நல்லா நடிக்குது. மொதல்ல கொஞ்சம் அவசரப்பட்டு நடிச்சிச்சு. இப்ப சரியா நடிக்குது. அதை நான் கேரண்டியா சொல்வேன்.”

சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமாயிற்று. பிறகு மலேசிய வேகத்து மேசையில் உட்கார்ந்து விளையாடினாள். பாட்டு தொடங்கியதும் முன்வரிசையிலிருந்து லெட்சுமி வாய்விட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டுப் பெட்டி எங்கடி என்ற இடத்தில் ஜப்பானிலிருந்து வந்திருந்த அதிகாரி மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

கண்காட்சி இப்போதும் நடக்கிறது. இன்னும் இரண்டு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். குமுதா வாரத்தில் ஐந்து நாள் போகிறாள். பத்துமலைக்குப் போய் வந்த வெளியூர்க் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள், தன்னைவிட வயதான ஆண்கள் என்று யார் யாரோ வருகிறார்கள். இரண்டு மேசையிலும் விளையாடிப் பார்த்துவிட்டு எது உண்மையானது என்று கேட்கிறார்கள். ரெண்டும்தான் என்கிறாள் குமுதா. எப்போதாவது ஒரு பெயர் நினைவுக்கு வராமல் போகிறது. அப்போது நெஞ்சு முன்போல அடித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடுகிறது.

போன வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். வேலை முடிந்து கொமுட்டர் ரயிலில் ஏறியபோது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குளிரூட்டி நன்றாக வீசியது. கண் விழித்தபோது பெட்டி காலியாக இருந்தது, வெளியே சாயங்கால வெயிலில் பாரந்தூக்கிகள் உயரமாக நின்றன. கிள்ளானைத் தாண்டி, கடைசி நிலையமான போர்ட் கிள்ளானுக்கே வந்துவிட்டாள். சுகுமாறனை அழைத்தாள்.

“வேலை முடிஞ்சிருச்சாங்க? நான் போர்ட் கிள்ளான் ஸ்டேசன்ல இருக்கேன்.”

“அங்க எங்க வந்த? எறங்க மறந்துட்டியா?”

“மறக்கல லா. தூங்கிட்டேன்,” என்றாள் குமுதா. “நல்லா தூங்கிட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க, பசிக்குது.”